புற்றுநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும்: வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, எண்ணூர் பக்கத்து மக்கள் முகாம்களிலும் ஓ.பி. வரிசைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

எனக்கு ஒரு வலியும் இல்ல. நல்லாத்தான் வேலைக்குப் போறேன், வர்றேன். எதுக்கு கேன்சர் டெஸ்ட்?

வலி இல்லாத காலம்தான் டெஸ்ட்டுக்கு ஏற்ற காலம். மார்பில் சுண்டைக்காய் அளவில் இருக்கும் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்கிற நாளில் அது தோலையோ எலும்பையோ தொட்டிருக்கக்கூடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இன்னும் மெதுவானது. ஹெச்பிவி என்ற வைரஸ் தொற்றி, அது புற்றாக மாறப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் அது இன்னும் புற்றுநோயாகவே ஆகியிருக்காது. வார்டில் சேராமல், அன்றைக்கே வீடு திரும்பும் சிகிச்சையில் சரியாகிவிடும்.

சரி, என்ன டெஸ்ட், எத்தனை வயசுல, எங்க?

30 வயது தாண்டிய எல்லோருக்கும் வாய்ப் பரிசோதனை. பெண்களுக்குக் கூடுதலாக மார்பும் கர்ப்பப்பை வாயும். அரசுத் திட்டப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. சுகர், பி.பி. மாத்திரை வாங்கப் போகும் அதே மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்வார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை.

கர்ப்பப்பை வாய்ச் சோதனைதான் பெண்கள் அதிகம் பயப்படுவது. நடப்பது இதுதான்: படுக்கவைத்து, கர்ப்பப்பை வாய் தெரியும்படி ஒரு கருவியை வைப்பார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை 3 முதல் 5 சதவீத அளவில் பஞ்சில் நனைத்துத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து பார்ப்பார்கள். மாறுதல் அடைந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். லேசாக எரியும், ஐந்து நிமிடத்தில் முடியும். மாதவிலக்கு நாட்களில் மட்டும் போகவேண்டாம். நர்ஸ் அம்மாவே செய்யக்கூடிய சோதனை என்பதால் பெண் பணியாளர்தான் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்து கால்போஸ்கோப்பி என்ற உருப்பெருக்கிப் பரிசோதனைக்கு எழுதுவார்கள். அந்தச் சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து.

இந்த எளிய சோதனை உயிரைக் காக்கும் என்பது நம் தமிழ்நாட்டிலேயே நிரூபணமானது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இதைச் செய்து ஏழு வருடம் கண்காணித்தார்கள். 2007-ல் வெளியான முடிவின்படி, சோதனை செய்யப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. அப்படியும் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு ஒருவர்கூட இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கவில்லை.

எங்கம்மாவுக்கு 58 வயசு. அவங்களுக்கும் இதே வினிகர் டெஸ்ட்தானா?

மாதவிலக்கு நின்றபின் மாறுதல் வரும் பகுதி உள்ளே போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் அம்மாவுக்குப் பாப் ஸ்மியரோ (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது) ஹெச்பிவி டெஸ்ட்டோ எங்கே எடுக்கலாம் என்று கேளுங்கள். தீட்டு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது பரிசோதனை முகாமுக்கான விஷயம் இல்லை, நேராக மகளிர் மருத்துவரிடம் போகவேண்டியது. இந்தப் பக்கத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது.

காசு இருக்கவங்க மேமோகிராம் எடுக்குறாங்க. கையால பாக்குறது ஏழைங்களுக்கான டெஸ்ட்டா?

இந்தக் கேள்வியில் இருக்கும் வருத்தம் நியாயமானது. மேமோகிராம் என்பது மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. ஆனால் கையால் பார்ப்பதைக் குறைவாக நினைக்கவேண்டாம். மும்பையில் 1998-ல் தொடங்கி இருபது வருடம் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பைக் கையால் பரிசோதித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது.

40 வயதுக்குக் கீழே மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துபோகலாம், அவர்களுக்கு அல்ட்ராசவுண்டுதான் முதலில். இன்னொன்று முக்கியம். கையில் கட்டி தட்டுப்படுகிறது, மேமோகிராமில் ஒன்றும் இல்லை என்று வருகிறது என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது. ஊசிப் பரிசோதனை கேட்கவேண்டும். தோல் குழிவது, காம்பு புதிதாக உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, அக்குளில் நெறி கட்டுவது, இதில் எது இருந்தாலும் அடுத்த முகாம் வரை காத்திருக்காதீர்கள்.

எங்க வூட்டுக்காரர் மாவா போடுறாரு. வாய்ல புண்ணு, காரமே சாப்பிட முடியல. சூடுன்றாரு.

சூட்டுப் புண் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆறாத புண் எதுவாக இருந்தாலும் காட்டியே ஆகவேண்டும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையிலேயே இரண்டு மாதத்தைக் கழித்துவிடுகிறவர்கள் ஏராளம். வீட்டிலேயே வெளிச்சத்தில் பாருங்கள். நாக்கை வெளியே நீட்டச் சொல்லி இரண்டு ஓரமும், நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பகுதியும், கன்னத்தை விரலால் இழுத்து உட்புறமும். மாவாவை (பாக்கும் புகையிலையும் சேர்ந்த கலவை) அடக்கிவைக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவப்புத் திட்டு, ஓரம் தடித்த புண் இவைதான் தேடவேண்டியவை. பிறகு மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் கன்னச் சதை இறுகத் தொடங்கிவிட்டது. இறுகிய சதை பழையபடி தளர்வது கடினம், மாவாவை அன்றே நிறுத்தினால் மேலும் இறுகாமல் காக்கலாம்.

புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அதை உறுதி செய்துவிட்டது. ஸ்டான்லி மருத்துவமனையிலோ கோட்டை ரயில் நிலையம் பக்கம் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ காட்டலாம். திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களின் வாயைச் சுகாதாரப் பணியாளர்கள் பரிசோதித்ததாலேயே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கேன்சர் பணக்காரங்களுக்கும்தான வருது. ஏழைங்க மட்டும் ஏன் ஜாஸ்தி சாகுறாங்க? ரத்தம், பரம்பரைன்றாங்களே?

இந்தக் கேள்வியை அதிகம் ஆராய்ந்த நாடு அமெரிக்கா. அங்கே கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளைப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் அதனால் இறப்பது சுமார் 40 சதவீதம் அதிகம். வேகமாகப் பரவும் ஒருவகைக் கட்டி அவர்களுக்கு அதிகம் வருவது உண்மை. ஆனால் நன்றாகக் குணமாகும் வகைகளிலும் அவர்களே அதிகம் இறக்கிறார்கள் என்பதால் உடம்பை மட்டும் காரணம் சொல்ல முடியாது. டெலவர் மாநிலம் 2000-களில் குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைக் காப்பீடு இல்லாதவர்களுக்கும் இலவசமாக்கி, சிகிச்சைச் செலவையும் ஏற்று, கூடவே நோயாளிகளுக்கு வழிகாட்டும் பணியாளர்களையும் போட்டது. பத்து வருடத்துக்குள் பரிசோதனை விகிதத்தில் கறுப்பர், வெள்ளையர் வித்தியாசம் மறைந்தது. மரண வித்தியாசமும் ஏறக்குறைய இல்லாமல் போனது. ரத்தம்தான் காரணம் என்றால் பத்து வருடத்தில் அது எப்படி மாறும்?

நம்மிடமும் அப்படியே. எந்தச் சாதியின் ரத்தத்திலும் தாமதம் என்று ஒன்று ஓடவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றை முதல் நிலையில் பிடித்தால் பத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமல் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். நான்காம் நிலையில் இரண்டு பேர் தாண்டுவதே அரிது. எந்த நிலையில் வந்து சேர்கிறோம் என்பதைத் தீர்மானிப்பதில் கூலி, தூரம், லீவு, ஆஸ்பத்திரியில் கிடைக்கும் மரியாதை எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது.

படிச்சவங்க எல்லாம் "இவங்களுக்கு விழிப்புணர்வு இல்ல"ன்னு சொல்றாங்க. நெஜமாவே அதான் காரணமா?

ஓரளவுதான். கட்டி இருப்பது தெரிந்து, பயந்து, ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்ட பிறகு நடப்பதை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் ஓ.பி. சீட்டு, டாக்டர் ஸ்கேன் எழுதுகிறார். ஸ்கேனுக்கு வேறொரு தேதி. சதை டெஸ்ட்டுக்கு (பயாப்ஸி) இன்னொரு நாள். ரிசல்ட் வாங்க ஒரு நாள். வாங்கிக்கொண்டு போனால் அந்த யூனிட் டாக்டரின் ஓ.பி. அன்றைக்கு இல்லை. காப்பீட்டுக்கு ஒரு நாள், அட்மிஷன் தேதி கேட்க ஒரு நாள். மருந்து ஏறுவதற்கு முன்பே ஏழெட்டு நடை, ஒவ்வொரு நடைக்கும் நோயாளியின் கூலியும் கூட வருகிறவரின் கூலியும் போகிறது. மீன் கூடை தூக்குகிறவரும் வீட்டு வேலை செய்கிறவரும் நாலாவது நடையில் நின்றுவிட்டால் அதை அறியாமை என்று சொல்வது அநியாயம்.

நடையைக் குறைக்க வழி இருக்கிறது. கிளம்புமுன் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: அடுத்து எந்த தேதி, எந்த அறை, எந்த யூனிட். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் முடிவு கையில் இருக்கவேண்டும், எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வரவேண்டும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் தெரியாமல் போய்த் திரும்பி வருகிறவர்கள் தினமும் உண்டு. சுகர் மாத்திரை போடுகிறவர்கள் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். எல்லாச் சீட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள்.

கூட ஒரு ஆள் போவதும் சிகிச்சைதான். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஹரோல்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர் 1990-ல் நோயாளிகளுக்கு வழிகாட்டும் பணியாளர்களை நியமித்தார். அதற்கு முன்பே இலவசப் பரிசோதனையும் தொடங்கியிருந்தார். அந்த மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்தாண்டு பிழைப்பு 39 சதவீதத்திலிருந்து 70 சதவீதமானது. நம் பகுதியில் வீடு தேடி வரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தின் பணியாளரையோ மகளிர் சுயஉதவிக் குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரையோ முதல் மூன்று நடைக்காவது கூட அழைத்துப் போங்கள்.

கத்தி பட்டா, ஊசி குத்துனா கேன்சர் பரவிடுமாமே?

இல்லை. சதை டெஸ்ட்டால் பரவுகிறது என்ற பேச்சு, ஏற்கெனவே முற்றியபின் வந்து ஊசி போட்டவர்களைப் பார்த்து எழுந்தது. ஊசிக்குப் பின் நோய் வெளியே தெரிந்ததே தவிர, ஊசியால் வரவில்லை.

உண்மையான ஆபத்து வேறு. தெருமுனை கிளினிக்கில் "கொழுப்புக் கட்டிதான்" என்று சொல்லி முழுசாக வெட்டி எடுத்து, சதையைச் சோதனைக்கு அனுப்பாமலே விட்டுவிடுவது. அது புற்றாக இருந்தால் ஓரங்களில் மிச்சம் நின்று, பிறகு பெரிய ஆபரேஷனாகும். எந்தக் கட்டியை யார் எடுத்தாலும் சதை ஃபார்மலினில் போடப்பட்டு லேபுக்குப் போகிறதா என்று கேளுங்கள். உப்புத் தண்ணீரிலோ வெறும் டப்பாவிலோ ஒரு நாள் கிடந்தால் சதை கெட்டுவிடும், மார்பகப் புற்றுக்கு எந்த மருந்து என்று முடிவுசெய்ய உதவும் ஹார்மோன் ரிசல்ட் தப்பாக வரலாம். லேபில் மெழுகில் பதித்த பிளாக்கையும் ஸ்லைடையும் வேறு ஆஸ்பத்திரி போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால் திரும்பக் குத்தவேண்டி வராது.

எங்க போறது? ஸ்டான்லியா, ஜி.எச்.சா, அடையாறா?

கண்டுபிடிக்கிற வரைக்கும் பக்கத்தில் இருப்பது நல்லது. இங்கே அது ஸ்டான்லி. ஏழெட்டு நடை என்று மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள், எண்ணூரிலிருந்து அடையாறுக்கு அத்தனை நடை முடியாது. கதிர்வீச்சு தேவைப்பட்டால் சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை (ஜி.எச்.), ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இரண்டிலும் வசதி உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சை தருகிறது.

ஒரு இடத்தில் தொடங்கி, பாதியில் இன்னொரு இடத்துக்கு மாறுவதுதான் நாட்களைத் தின்கிறது. மாறியே ஆகவேண்டும் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, எத்தனை கீமோ (புற்றுநோய் மருந்து ஏற்றுவது) எந்த அளவில் போட்டார்கள் என்ற விவரம், பிளாக் மூன்றும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

காப்பீட்டு கார்டு இல்ல. முதல்ல அத எடுத்துட்டுத்தான் போகணுமா?

வேண்டாம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் கார்டு இல்லாமலும் சிகிச்சை நடக்கும். சதை டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் கார்டு வேலையைப் பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போகவேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993.

சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். மருமகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் இருக்கும். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷனில் ஒரு எழுத்து. கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவர்களுக்குப் பழைய முகவரி. நோய் வருமுன்பே இதைச் சரிபார்த்து வைத்தால் நல்லது.

மணலி கம்பெனில கான்ட்ராக்ட். சம்பளத்துல ஈஎஸ்ஐ புடிக்கிறாங்க. அதுல கேன்சருக்கு எதாவது உண்டா?

உண்டு. பலருக்குத் தெரியாமலே போகிற உரிமை இது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களும் அவர்கள் குடும்பமும் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் வருவார்கள். சிகிச்சை இலவசம், ஆஸ்பத்திரி அயனாவரத்தில். தொழிலாளிக்கே நோய் என்றால் முதல் 91 நாள் சம்பளத்தில் 70 சதவீதம் பணமாகக் கிடைக்கும். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், அதற்குப் பிறகு 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. இதற்கு இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, குறைந்தது 156 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் பிடித்த பணத்தைக் கட்டினாரா என்பதை ஈஎஸ்ஐ எண்ணைக் கொண்டு இப்போதே பாருங்கள். நோய் வந்து "உடம்பு சரியில்ல, வேலைக்கு வரவேணாம்" என்றால் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கரன்ட் வைக்க 35 நாள் தினமும் வரணுமாம். நடுவுல நாலு நாள் வேலைக்குப் போயிட்டு வந்தா என்ன?

இங்கேதான் கெஞ்சிக் கேட்கிறோம், விடாதீர்கள். கதிர்வீச்சு தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆனபின் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் முன்பைவிட வேகமாகப் பெருகும். விட்ட ஒவ்வொரு நாளும் குணமாகும் வாய்ப்பில் ஒரு சதவீதம் வரை குறையலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து 25 முறை, பிறகு உள்ளே வைக்கும் கரன்ட், எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடியவேண்டும். வாய்ப் புற்றுக்கு 30 முதல் 35 முறை, ஏழு வாரத்துக்குள்.

மெஷின் ரிப்பேராலோ ஜுரத்தாலோ நாள் போய்விட்டால் டாக்டரிடம் ஈடுகட்டச் சொல்லுங்கள். சனிக்கிழமை வைக்கலாம், அல்லது ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு முறை வைக்கலாம். காலை நேரம் கேட்டு வாங்கினால் பாதி நாள் வேலை தப்பும். பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. வாய்ப் புற்றுக்காரர்கள் கெட்ட பல்லைக் கதிர்வீச்சுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பிடுங்கிவிட வேண்டும். பிறகு பல் டாக்டரிடம் போனால் கதிர்வீச்சு எடுத்ததைச் சொல்லாமல் பல்லில் கைவைக்க விடாதீர்கள், தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும்.

கீமோ போட்டு பத்து நாளாச்சு, ராத்திரி ஜுரம். டோலோ குடுத்துட்டு காலைல போலாமா?

கூடாது. கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாளுக்குள் ரத்த வெள்ளையணு மிகக் குறைவாக இருக்கும். 100.4 டிகிரி தாண்டினால் அந்த நேரமே 108-ஐ அழையுங்கள், கேஷுவால்ட்டியில் "கீமோ போட்டது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏறவேண்டும். மாத்திரை ஜுரத்தை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, கொதிக்கவைத்தே கொடுங்கள்.

இந்த மணலி, எண்ணூர் காத்தாலதான் இங்க கேன்சரா?

காற்று மாசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-ல் அறிவித்தது. ஆலைப் புகையை எதிர்த்துக் கேட்பது உங்கள் உரிமை. ஒரு தனிநபருக்கு வந்த புற்று எதனால் வந்தது என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது. இங்கே மாவா, பீடி, ஹெச்பிவி மூன்றும் கூடவே இருக்கின்றன. காற்றுக்காகப் போராடுகிறவர்களும் வாயைக் காட்டிவிட்டுப் போராடட்டும்.

பொண்ணுக்கு ஊசி போட்டா கர்ப்பப்பை கேன்சரே வராதாமே?

9 முதல் 14 வயதுக்குள் போடும் ஹெச்பிவி தடுப்பூசி பெரும்பாலான கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளைத் தடுக்கும். பிள்ளைப்பேற்றுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் இதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் விசாரியுங்கள். போட்டுக்கொண்டாலும் 30 வயதில் முதலில் சொன்ன சோதனை வேண்டும்.

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டாங்க. ராத்திரி பூரா வலில கத்துறாங்க.

புற்றை நிறுத்த முடியாவிட்டாலும் வலியைப் பெருமளவு குறைக்க முடியும். அது பிச்சை இல்லை, சிகிச்சையின் பகுதி. புற்றுநோய் வலிக்கான மருந்து மார்ஃபின் மாத்திரை. சாதாரணமாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்கவேண்டும். கூடவே மலமிளக்கி கட்டாயம், இல்லாவிட்டால் மலச்சிக்கலுக்குப் பயந்து நிறுத்திவிடுவார்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு பழகிவிடும். அளவை டாக்டர்தான் கூட்டவேண்டும். எலும்பு வலிக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு வைத்தாலே பலருக்குச் சில வாரத்தில் குறையும், அதைக் கேளுங்கள்.

பெரிய அரசு மருத்துவமனையில் வலி நிவாரணப் பிரிவு எங்கே என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு, மார்ஃபின் சீட்டோடு வெளியே வாருங்கள். சாதாரண மெடிக்கல் ஷாப்பில் அது கிடைக்காது. மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே அடுத்ததற்கு ஆள் அனுப்புங்கள். நோயாளி நேரில் வரமுடியாவிட்டால் வீட்டார் பழைய சீட்டோடு போகலாமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே நர்ஸ் வரும் ஏற்பாடு உண்டு. உங்கள் வார்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள், அல்லது 104-ல் கேளுங்கள். புண்ணைக் கழுவுவது, மூக்குக் குழாயில் கஞ்சி கொடுப்பது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, இவற்றை அவர்கள் செய்துகாட்டும்போது வீட்டில் இரண்டு பேராவது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.